ஊசி ஏன் மழுங்கியிருக்கிறது?

கேள்வி: ஆச்சி காலமான பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைப் பிரித்தோம். அடியில், பழைய துண்டில் சுற்றி ஒரு மடக்குக் கத்தி இருந்தது. மடக்கினால் 14 செ.மீ. நீளம். ஒரு முனையில் 7 செ.மீ. கத்தி விரிகிறது. மறுமுனையில் விரிவது கத்தி இல்லை, உருண்டையான இரும்பு ஊசி. அதன் நுனி மழுங்கிக் கிடக்கிறது. பிடி பித்தளை, இருபுறமும் வெளிறிய தகடு பதித்திருக்கிறது. அப்பாவின் தாத்தா நாட்டு வைத்தியர். கட்டி கீறி சீழ் எடுக்க வைத்திருந்தது இது என்கிறார் பெரியப்பா. பழம்பொருள் கடைக்காரர், “வெள்ளைக்காரன் காலத்துப் பேனாக்கத்தி, 600 ரூபாய் தருகிறேன்” என்றார். எழுத்தாணியாக இருக்குமோ என்று என் மனைவிக்கு ஒரு சந்தேகம். ஆனால் ஊசியில் மை பட்ட தடமே இல்லை, எழுத்தாணிக்குக் கத்தி எதற்கு என்றும் புரியவில்லை. பித்தளையில் ஒரு பக்கம் சிவப்பாகத் துரு, கீலில் பச்சையாக ஏதோ. புளி போட்டுத் தேய்க்கலாமா? மைத்துனர் நுனியைச் சாணை பிடித்துத் தருகிறேன் என்கிறார். பிடி தந்தமாக இருந்தால் வம்பு வருமா? சரசுவதி பூஜை அன்று ஆச்சி இதை எடுத்துப் புத்தகங்களுக்கு மேல் வைப்பார். என்னவென்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன்.
(வாசகர், திருநெல்வேலி மாவட்டம்)

பதில்:

முதலில் மைத்துனரிடம் சொல்லிச் சாணைக்கல்லை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த மழுங்கல் நுனிதான் உங்கள் கேள்விக்குப் பதில். அதைக் கூராக்கிவிட்டால் அப்புறம் எவரிடம் காட்டினாலும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

பழைய இரும்பு, பித்தளைச் சாமான்களைப் பராமரிப்பது என் தொழில். இது என்ன என்று கேட்டுப் படம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் கத்தியின் அலகைத்தான் பெரிதாக எடுத்து அனுப்புவார்கள். நீங்களும் நான்கில் மூன்று படத்தில் அலகைத்தான் காட்டியிருக்கிறீர்கள். வெட்டுகிற பக்கம் அநேகமாக ஒன்றும் சொல்லாது. கத்தி வெற்றிலையையும் வெட்டும், வெண்டைக்காயையும் வெட்டும். அதோடு என்ன சேர்த்து வைத்திருக்கிறார்கள், எந்த இடம் தேய்ந்திருக்கிறது, உடைந்தபோது எதைச் சரிசெய்தார்கள் என்று பார்க்க வேண்டும். நல்லவேளையாக நான்காவது படத்தில் ஊசி முழுசாக விழுந்திருக்கிறது.

பெரியப்பாவின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். கட்டி கீறும் கருவிக்கு நுனிதான் உயிர். மழுங்கினால் வைத்தியர் அன்றைக்கே தீட்டிவிடுவார். துருப்பிடித்து மழுங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். துரு தின்ற நுனி பொரிந்து, குழிகுழியாக இருக்கும். உங்கள் ஊசியில் தண்டு முழுக்கத் துரு, நுனி மட்டும் வழவழவென்று, பால்பாயிண்ட் பேனா முனை மாதிரி உருண்டிருக்கிறது. அது கெட்டுப்போன நுனி இல்லை, உழைத்த நுனி. ஐரோப்பாவில் குருதி வடிக்கப் பயன்பட்ட ‘ஃப்ளீம்’ என்ற மடக்குக் கருவி பித்தளை உறையோடு வரும்தான். ஆனால் அதில் ஊசி இருக்காது. தகட்டின் பக்கவாட்டில் முக்கோணப் பல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும்.

எனக்கே கொஞ்ச நேரம் சந்தேகம் வந்தது வேறொன்றின் மேல். பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாய்களுக்குக் கொடுத்த மடக்குக் கத்தியிலும் ஒரு பக்கம் அலகு, இன்னொரு பக்கம் முள் உண்டு. கயிற்று முடிச்சைப் பிரிக்க வைத்த முள் அது. இந்தியாவில் பழைய பெட்டிகளிலிருந்து அடிக்கடி வெளியே வருகிற சாமான். ஆனால் அந்த முள் நல்ல தடிமனாக, லேசாக வளைந்து, கத்தியின் முதுகோடு படுத்திருக்கும். பிடி சொரசொரப்பான கறுப்பாக இருக்கும். இடுப்பில் மாட்ட ஒரு வளையம், அநேகமாக ஒரு தகர டப்பா திறப்பான், செய்தவர் முத்திரை, அரசாங்கச் சொத்து என்பதற்குக் காக்கைக்கால் போன்ற அம்புக்குறி எல்லாம் இருக்கும். உங்களுடையதில் முத்திரையும் இல்லை, வளையமும் இல்லை. ஊசி நேராக, பென்சிலை விட ஒல்லியாக இருக்கிறது. செருப்புத் தைக்கும் ஊசி, முள்வாங்கி என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் கூர் வேண்டும். அதோடு அவை கதை முடிந்தது.

ஆக, உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. இது மடக்கெழுத்தாணி. உ.வே.சாமிநாதையர் தாம் படித்த காலத்து எழுத்தாணிகளைப் பற்றி எழுதும்போது மூன்று வகை சொல்கிறார். கொண்டை கனமான குண்டெழுத்தாணி, கொண்டையில் கத்தி வைத்த வாரெழுத்தாணி, பேனாக்கத்தி போல மடங்கும் மடக்கெழுத்தாணி. மடியில் செருகிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு மூன்றாவதுதான் தோது. உங்கள் வைத்தியர் தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

எழுத்தாணிக்குக் கத்தி எதற்கு? கடையில் நோட்டுப் புத்தகம் வாங்குகிற நமக்கு வருகிற சந்தேகம் அது. எழுதுகிறவன்தான் தன் ஏட்டையும் செய்துகொள்ள வேண்டும். பனை ஓலையில் நடுவில் ஓடும் ஈர்க்கைக் கிழித்து எடுக்க வேண்டும். இரண்டு ஓரத்தையும் நேராக வார வேண்டும், ஒரே நீளமாக நறுக்க வேண்டும். ‘வாரெழுத்தாணி’யில் வருகிற ‘வார்’ இந்த வாருதல்தான். ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றாலும் முதலில் கத்திதான் வெளியே வரும். ஊசி அதற்குப் பிறகு.

கடைக்காரரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 600 ரூபாய்க்குக் கேட்டாலும், அவர் சொன்ன பெயர் அத்தனை தப்பில்லை. பேனாக்கத்தி என்ற பெயரே பேனாவிலிருந்து வந்தது. இரும்பு நிப் வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் பறவை இறகைச் சீவித்தான் எழுதினார்கள். எழுத எழுத இறகு நைந்துபோகும், மறுபடி சீவ வேண்டும். அதற்கு வைத்திருந்த சின்னக் கத்தி அது. அங்கே கத்தி பேனாவைச் சீவியது, இங்கே காகிதத்தைச் சீவியது.

இனி மை. எழுத்தாணியில் மை ஒட்டியிருக்கவே கூடாது. எழுத்தாணி எழுதுவதில்லை, கீறுகிறது. கீறி முடித்த ஏட்டின் மேல் விளக்குக் கரியோ வசம்புக் கரியோ, கோவையிலைச் சாறு, மஞ்சள் என்று ஏதாவது தடவித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் நிறம் தங்கும். மையாடுவது என்று இதற்குப் பெயர். மை பட்டதெல்லாம் ஓலையும் விரலும்தான்.

சரி, நுனி ஏன் மழுங்கியிருக்க வேண்டும்? இதை நான் சொல்வதை விட நீங்களே செய்து பாருங்கள், பத்து நிமிஷ வேலை. உங்கள் ஊர்ப்பக்கம் பனை ஓலைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த, சுருங்காத ஓலையில் ஒரு துண்டு நறுக்கிக்கொள்ளுங்கள். தையல் ஊசியால் ‘அ’ எழுதுங்கள். ஓலையின் நார் எல்லாம் நீளவாக்கில் ஓடுகிறது. கூர் ஊசி அந்த நாருக்குள் புகுந்து, நீங்கள் வளைக்க நினைத்த இடத்தில் வளையாமல் நாரோடு ஓடிவிடும். அழுத்தினால் ஓலை பிளக்கும். இப்போது மை தீர்ந்துபோன ரீஃபில் ஒன்றை எடுத்து அதே எழுத்தை எழுதுங்கள். நாரை அறுக்காமல் அமுக்கிக்கொண்டே வரும், வளைவில் வழுக்கித் திரும்பும். விரலில் கொஞ்சம் விளக்குக் கரியும் எண்ணெயும் தொட்டுத் தடவித் துணியால் துடைத்தால் எழுத்து எழுந்து வரும். அந்த ரீஃபில் முனையையும் உங்கள் ஊசி நுனியையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விட்டதற்குக்கூட ஓலை பொத்துப்போகும் என்பதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். சுவடி படிக்கிறவர்கள் இன்றைக்கும் ‘க’வா ‘க்’கா என்று இடம் பார்த்துத்தான் படிக்கிறார்கள்.

உலகத்தில் ஓலையில் எழுதிய எல்லோரும் இந்த மாதிரி ஊசியைத்தான் வைத்திருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பாலித் தீவில் லொந்தார் ஓலைக்குக் குட்டிக் கத்தி போன்ற ஒன்றையே எழுத்தாணியாகப் பிடிக்கிறார்கள். கத்தியும் எழுத்தும் ஓலை இருந்த இடமெல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன.

இன்னொன்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கத்திப் பக்கக் கீலில் இருப்பது பித்தளை ஆணி. ஊசிப் பக்கக் கீலில் இரும்பு ஆணி, தலையும் கொஞ்சம் கோணல். முதலில் இரண்டுமே பித்தளையாகத்தான் இருந்திருக்கும். எழுதும்போது அழுத்தமெல்லாம் ஊசிக் கீலில்தான் இறங்குகிறது. இடது கைக் கட்டைவிரல் ஊசியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதற்கென்று நகத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டவர்கள்கூட உண்டு. கீல் ஆடினால் எழுத்தும் ஆடும். யாரோ அந்த ஆணி தேய்கிற வரைக்கும் எழுதி, ஆட ஆரம்பித்ததும் உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்து இரும்பு ஆணி அடித்து வாங்கியிருக்கிறார். கத்திக் கீல் இப்போதும் லொடலொடவென்றுதான் இருக்கும், ஆட்டிப் பாருங்கள். அதை யாரும் சரிசெய்யவில்லை.

அடுத்து அந்தச் சிவப்பு. பித்தளைக்குச் சிவப்புத் துரு பிடிக்காது. களிம்பு பிடித்தால் பச்சை, நாள்பட்டால் கறுப்பு, பெரும்பாலும் அவ்வளவுதான். உங்கள் படத்தில் சிவப்பு இருப்பது பிடியின் ஒரே பக்கத்தில், சரியாக நடுவில், விரல் நுனி அகலத்துக்கு வட்டமாக. அது குங்குமம். ஆச்சி வருஷா வருஷம் வைத்த பொட்டு எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து இறுகிப்போயிருக்கிறது. ஆயுத பூஜையும் சரசுவதி பூஜையும் ஒரே நாள் என்பதால் வீட்டில் எல்லாச் சாமானுக்கும் பொட்டு விழும். அரிவாள்மணை, சுத்தியல், கத்தரிக்கோல் எல்லாம் ஒரு பக்கம் இருக்கும். ஆச்சி இதை அங்கே வைக்கவில்லை, புத்தகத்தின் மேல் வைத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்ன என்று அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த வரியை முதலில் எழுதியிருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

புளி மட்டும் வேண்டாம். எலுமிச்சை, பாலிஷ் பசை, உப்புத்தாள், எதுவுமே வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குண்டெழுத்தாணியைப் பளபளப்பாக்கிக் காட்டுகிற ஆசையில் புளியில் ஊறவைத்தேன். பொன் மாதிரி வந்தது. மறுநாள் பழைய பதிவேட்டைப் பார்த்தால் ‘கொண்டையில் இரண்டு எழுத்து, மெல்லிய கீறல்’ என்று இருக்கிறது. கொண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். களிம்போடு எழுத்தும் போயிருந்தது. அது யார் பெயரின் முதலெழுத்து என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. உங்கள் பிடியிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். கீலில் இருக்கும் பச்சையை மூங்கில் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஆச்சி தேங்காயெண்ணெய் தடவியிருப்பார் என்பது என் ஊகம். நாள்பட்ட எண்ணெய் சிக்குப்பிடித்துப் புளித்து, பித்தளையைப் பச்சையாக்கும். இனிமேல் எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் இரும்புப் பாகத்துக்கு மட்டும், பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்தால் போதும். குங்குமத்தைத் தொட வேண்டாம். அடிக்கடி திறந்து மூடிக் காட்டுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள், கத்திக் கீல் தாங்காது. பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போட்டு டப்பாவில் வையுங்கள்.

பிடியில் இருப்பது தந்தம் இல்லை. லென்ஸில் பார்த்தால் தந்தத்தின் வெட்டுமுகத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வலை பின்னினது போல இருக்கும். எலும்பில் ஊசிக்குத்து மாதிரிக் கறுப்புப் புள்ளிகளும் சின்னக் கோடுகளும் தெரியும். உங்கள் மூன்றாவது படத்தில் தகட்டின் ஓரம் பூரா அந்தப் புள்ளிகள்தான். எலும்பு. தந்தமாக இருந்திருந்தால் விற்கிற பேச்சையே எடுத்திருக்க முடியாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வியாபாரத்தை அடைத்துவிட்டன. நெருப்பில் காட்டி மோந்து பார்க்கிற சோதனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அதே 1972இல் வந்த தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் நூறு வருஷம் தாண்டிய பொருளைத் தொல்பொருள் என்கிறது. வீட்டில் வைத்திருப்பது குற்றம் இல்லை. சிற்பம், ஓவியம் போன்ற சில வகைகளுக்குத்தான் பதிவு கட்டாயம். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். அந்தக் கடைக்காரரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும். விலை சொல்வது என் வேலை இல்லை. 600 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று மட்டும் அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

பெரியப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். அவரும் முழுசாகத் தோற்கவில்லை. நாட்டு வைத்தியருக்கு மருந்துப் பெட்டி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வாகடச் சுவடி. எந்த நோவுக்கு எந்தச் சூரணம், எத்தனை வராகன் எடை, எந்தப் பத்தியம் என்று குருவிடமிருந்து படி எடுத்துக்கொள்வார்கள். தன் அனுபவத்தையும் கூடச் சேர்த்துக் கீறி வைப்பார்கள். ஆணி தேயும் அளவுக்கு அவர் எழுதியது அதுவாகத்தான் இருக்கும்.

இதனால்தான் உங்களிடம் ஒரு வேலை சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுகிற வழக்கம் உங்கள் தாமிரபரணிக் கரையிலும் இருந்ததுதான். உங்கள் வீட்டு ஏடும் அப்படிப் போயிருக்கலாம். ஆனாலும் ஆச்சி வீட்டுப் பரணை ஒருமுறை பார்த்துவிடுங்கள், முக்கியமாக அடுப்புக்கு மேலே இருக்கிற பரணை. புகை படுகிற இடத்தில் பூச்சி அண்டாது என்று ஏட்டை அங்கே செருகுவார்கள். கட்டாகக் கிடைத்தால் கயிற்றை அவிழ்க்காதீர்கள், ஒட்டிக்கொண்ட ஏட்டைப் பிரிக்காதீர்கள். அப்படியே துணியில் சுற்றித் தஞ்சாவூர் சரசுவதி மகாலுக்கோ சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ எழுதிக் கேளுங்கள்.

ஏடு இல்லாவிட்டாலும் மரத்துண்டுகளைப் பாருங்கள். முக்கால் முழ நீளம், இரண்டு மூன்று விரல் அகலம், அடிக்கோல் மாதிரி வழவழப்பாக, ஜோடியாக இருக்கும். சுவடிக்கு மேலும் கீழும் வைக்கிற சட்டம் அது. ஏடு போன பிறகு ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கவும், குழந்தைகள் கோடு போடவும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதில் இரண்டு ஓட்டை இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள்.